ஊரைக் கேளாமல் வரைந்த கோடு

செருமனி நாட்டின் நடுவே மோடுலராய்ட்டு என்றொரு சிற்றூர் உண்டு. அதில் வாழ்வோர் ஏறத்தாழ ஐம்பது பேர். ஊரின் குறுக்கே தன்பாக்கு என்னும் ஓடை ஓடுகின்றது. ஓடை என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டா. ஒரு சிறுவன் ஓடிவந்து தாண்டிவிடக் கூடியதே. அவ்வோடைக்கு இப்பால் பவேரியா மாநிலம். அப்பால் துரிங்கியா மாநிலம். ஒரு பாதி தோப்பன் ஊராட்சியைச் சேர்ந்தது. மறு பாதி கெபெல் என்னும் நகராட்சியைச் சேர்ந்தது. ஐம்பது பேருக்கு ஊர்த்தலைவர் இருவர். அஞ்சல் எண் இரண்டு. தொலைப்பேசிக் குறியெண்ணும் இரண்டு. ஒருவரையொருவர் காணும்போது ஒரு கரையார் 'இறைவன் வாழ்த்துக' என்னும் பொருளில் வணக்கம் கூறுவர். மறு கரையார் 'நன்னாள்' என்பர்.

இதனைப் படித்துச் சிரிப்பவர் சிரிக்கட்டும். ஆனால் இவ்வோடைக் கரையில் 1966-ஆம் ஆண்டில் எழுநூறு மீட்டர் நீளமும் மூன்று மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் உடைய கற்காரைச் சுவர் ஒன்று எழுப்பப்பெற்றது என்பதையும், ஓடைக்கு அப்பாலிருந்த உடன்பிறந்தாரை நோக்கிக் கையசைப்பதுங்கூட அங்குக் குற்றமாயிற்று என்பதையும் அறிந்தால் சிரிப்பு நின்றுவிடும்.

செருமானியச் சிற்றூர்களின் பழங்கணக்கு நமக்கு எற்றுக்கு என்று வினவுவோர் இருப்பர். ஆட்சிப் பிரிவு என்பது வெறும் ஏந்துக்காகச் செய்யப்படும் ஏற்பாடு. வரி தண்டவும் பதிவேடு பேணவும் ஒரு கோடு வேண்டும். அது சற்று இப்படியோ அப்படியோ போனால் என்ன கெட்டுவிடும் என்று பேசுவோர் எந்நாட்டிலும் உளர். அறிந்தோர் எனப்படுவாரே பலகாலும் இவ்வாறு பேசுகின்றனர். அவர்க்கு விடையிறுக்க நாம் நூல்களைத் தேடிப் போக வேண்டுவதில்லை. இவ்வூர்களின் வரலாறே போதும். ஊரைக் கேளாமல் வரையப்பட்ட கோடு உறங்கும், ஆனால் இறவாது. நூறாண்டு கழிந்தும் அஃது எவன் கைக்கேனும் கருவியாகும்.

மோடுலராய்ட்டின் கோட்டை வரைந்தவர் யாவர்? ஓடையின் தென்புறம் பைராய்ட்டுக் கோமான்களின் ஆட்சிப் பரப்பாக இருந்தது. கடைசிக் கோமான் தம் உரிமையை விட்டு விலகவே, 1792-இல் அது பிரசியாவின் கைக்குப் போயிற்று. 1806-இல் நெப்போலியன் படை அதனைப் பற்றிக்கொண்டது. 1810-இல் அவன் அதனைப் பவேரிய அரசனுக்குப் பணத்திற்கு விற்றான். ஆடு மாடு விற்பது போல் ஒரு நாட்டை, அதிலுள்ள காடு கழனி மாந்தரோடு விற்றான் என்க. இருபதாண்டுக்குள் நான்கு தலைமை மாறின. உழுதவன் அதே ஏரைப் பிடித்து அதே நிலத்தை உழுதுகொண்டிருந்தான். ஓடையின் வடபுறமோ இராய்சு என்னும் சிறு கோமரபினருக்கு உரியதாயிருந்தது. 1810-இல் பவேரிய அரசும் இராய்சுக் கோமகனும் ஓடையை எல்லையாக வைத்துக் கல் நட்டனர். கல்லின் ஒரு முகத்தில் பவேரிய அரசின் முதலெழுத்துகள்; மறு முகத்தில் இராய்சுக் கோமகவையின் முதலெழுத்துகள்.

அக்கல்லால் அன்று ஊருக்கு இடரொன்றும் நேரவில்லை. பள்ளிக்கூடமும் உண்டிச்சாலையும் வடகரையில் இருந்தன. இரு கரைப் பிள்ளைகளும் அங்கே படித்தனர். இரு கரை ஆடவரும் அங்கே குடித்தனர். வழிபாட்டுக்கு இரு கரையாரும் தென்புறத்துத் தோப்பனுக்கு நடந்து சென்றனர். கொண்டும் கொடுத்தும் ஒரே ஊராகவே வாழ்ந்தனர். 1918-இல் மன்னர்கள் முடியிழந்தனர். இராய்சு நாடு 1920-இல் புதிய துரிங்கியா மாநிலத்தோடு கலந்தது. கோடு மட்டும் அங்கேயே கிடந்தது. கிடந்தால் என்ன என்றுதான் அன்று எவரும் எண்ணியிருப்பர்.

1945-இல் செருமனியை வென்றவர்கள் அதனைத் தமக்குள் பங்கிட்டபோது, புதிதாகக் கோடு வரைய அவர்களுக்குப் பொழுதில்லை. பழைய மாநில எல்லைகளையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டனர். பவேரியா அமெரிக்கருக்கு, துரிங்கியா சோவியத்துப் படைக்கு. இரு கோமகன்கள் வரிக்காக நட்ட கல், ஒரே நாளில் இரண்டு உலகங்களின் எல்லைக் கல்லாயிற்று. 1949-இல் கரைக்கொரு குடியரசு. 1952 மே 26-இல் கிழக்குச் செருமனி அரசு எல்லையோரம் ஐந்து கிலோமீட்டர் அகலத்திற்குத் தடைப்பகுதி வகுத்தது. அதனுள் ஐந்நூறு மீட்டர்க் காப்புப்பகுதி. அதனுள்ளும் பத்து மீட்டர் அகலத்திற்கு உழுது வெறுமையாக்கிய நிலம். அதனை அடுத்த சின்னாட்களில் எல்லையோர ஊர்களிலிருந்து 'நம்பத்தகாதோர்' எனப்பட்ட குடும்பங்கள் வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கடத்தப்பட்டன. துரிங்கியாவில் அவ்வினைக்கு வைக்கப்பட்ட மறைபெயர் என்ன தெரியுமா? 'தீங்குப் பூச்சிகள்' என்பது. உழுதுண்டு வாழ்ந்த குடிகளைப் பூச்சியென்று பெயரிட்டு அகற்றினர். 1961-இல் அதே வேலையை மறுபடியும் செய்தபோது ஒரு பூவின் பெயரைச் சூட்டிக்கொண்டனர். இரு முறையும் சேர்த்துப் பதினாயிரத்திற்கு மேற்பட்டோர் தம் ஊரையும் வீட்டையும் இழந்தனர்.

மோடுலராய்ட்டில் முதலில் பலகை வேலி, பிறகு முட்கம்பி, பிறகு சுவர். அமெரிக்கப் படைஞர் அதற்குச் 'சிறிய பெர்லின்' என்று பெயரிட்டு வேடிக்கை பார்க்கச் சென்றனர். தென்கரையார் சுவரருகே வரலாம், பார்க்கலாம், அழைக்கலாம். வடகரையார் விடை சொல்லலாகாது. 1973-இல் ஒருவர் ஏணி சாய்த்துச் சுவரேறிக் குதித்துத் தப்பினார். 1989 திசம்பர் 9-ஆம் நாளில்தான் அச்சுவரில் ஒரு வழி திறந்தது. 1990 சூன் 17-இல் மண்வாரிப் பொறி வந்து சுவரை இடித்தது. காட்சிக்காக ஒரு பகுதியை மட்டும் விட்டுவைத்திருக்கின்றனர்.

பழைய நிலையைப் பொற்காலமாகப் பாடுவது நம் நோக்கமன்று. 1789-ஆம் ஆண்டளவில் செருமானியப் பேரரசு என்பது ஏறத்தாழ முந்நூறு ஆட்சிப் பரப்புகளின் ஒட்டுப்போட்ட போர்வை. அரசர், கோமான், பேராயர், மடத்துத் தலைவர், தன்னுரிமை நகர் எனப் பலரும் அதில் ஆட்சித் தலைவர். இவர்களன்றிப் பேரரசனுக்கு நேரே அடங்கிய சிறு மறவர் குடியினர் ஒன்றிரண்டு ஊர்களைக் கட்டிக்கொண்டு ஆண்டனர். ஓரூரில் நிலத்துக்கு உடையவர் ஒருவர். வழக்குத் தீர்ப்பவர் மற்றொருவர். விளைவில் பத்திலொன்று கொள்ளும் மடம் மூன்றாவது. எல்லார்க்கும் மேலே நாட்டுக்கோமான் நான்காமவர் என்று இருப்பது வியப்பன்று. சில இடங்களில் ஒரே நிலத்தை இருவர் சேர்ந்தே ஆண்டனர். மெர்சிக்கு வட்டாரத்து ஊர்களைத் திரியர் பேராயரும் உலொரேன் கோமான்களும் கூட்டாக ஆண்டு, 1778-இல்தான் பிரித்துக்கொண்டனர். துரிங்கியாவில் தந்தை இறந்தால் மக்கள் நாட்டைக் கூறுபோடுவர். அதனால் அம்மண் சிறு துண்டுகளாகச் சிதறிற்று.

1555-இல் ஆக்சுபர்க்கு நகரில் செய்துகொண்ட சமய அமைதி உடன்படிக்கைப்படி, எவன் நாடோ அவன் சமயம் என்றாயிற்று. அதனால் கோமான் மாறினால் உழவனின் வழிபாடும் மாற வேண்டியதாயிற்று. அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் ஒன்று உரோமைச் சமயத்தைச் சார்ந்தும் மற்றொன்று உலூத்தர் வழியைச் சார்ந்தும் இன்றும் நிற்பதற்குக் கரணியம், நானூற்று எழுபது ஆண்டுகட்கு முன் அவ்வூர்கள் எவன் பையில் கிடந்தன என்பதேயாம்.

பின்பு வந்த பெருக்கிக் கழித்தல் இன்னும் கொடிது. 1803 பிப்ரவரி 25-ஆம் நாளைய தீர்மானம் ஒன்றினால் நூற்றுப் பன்னிரண்டு ஆட்சிகள் ஒரேயடியாக மறைந்தன. ஏறத்தாழ முப்பது இலக்கம் மக்கள் ஓரிரவில் வேறு மன்னனின் குடிகளாயினர். 1806-இல் பேரரசே முடிந்தது. நெப்போலியன் வீழ்ந்தபின் 1815-இல் வியன்னாவில் கூடிய பேரவை என்ன செய்தது? குறுமன்னர் ஐவருக்குப் பரிசாக அறுபத்தொன்பதாயிரம் 'உயிர்களை'ப் பிரசியா தன் புதிய பரப்பிலிருந்து பிரித்துத் தர வேண்டும் என்று எழுதியது. சாக்சு-கோபர்க்குக் கோமகனுக்கு இருபதாயிரம் உயிர், ஓல்டன்பர்க்குக்கு இருபதாயிரம், மற்ற மூவர்க்கும் ஒன்பதாயிரமும் பதினாயிரமுமாக எஞ்சியது. ஓர் உடன்படிக்கையில் இப்படித்தான் எழுதப்பட்டது. நிலத்தின் பெயரோ ஊரின் பெயரோ முதன்மையன்று, தலைக்கணக்கே முதன்மை. அவ்வுயிர்களின் நினைவு யாதென்று அப்பேரவையில் ஒருவரும் வினவவில்லை.

அந்த இருபதாயிரம் உயிர்கள் எங்கிருந்தன? கோபர்க்கிலிருந்து ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், சார் ஆற்று நாட்டின் வடபால், தூய வெண்டல் என்னும் ஊரைச் சுற்றி இருந்தன. அவ்வூர் திரியர் பேராயருக்கு உரியதாயிருந்தது. 1798 முதல் பிரெஞ்சு நாட்டின் சார் மாவட்டத்தில் அடங்கியது. 1816-இல் கோபர்க்குக்கு வந்தது. இலிக்டன்பர்க்கு என்று ஒரு பழங்கோட்டையின் பெயரை அதற்குச் சூட்டினர். கோபர்க்குக் கோமகன் தம்மைவிட்டுப் பிரிந்த மனைவியை அங்கே அனுப்பி வைத்தார். அவ்வூர் அவருக்கு அதற்குத்தான் பயன்பட்டது. 1832-இல் மக்கள் உரிமை வேண்டிக் கிளர்ந்தனர். பிரசியப் படை வந்து அடக்கியது. ஈராண்டு கழித்து, ஆண்டுக்கு எண்பதாயிரம் தாலர் பணத்திற்குக் கோமகன் அந்நாட்டைப் பிரசியாவுக்கே விற்றுவிட்டார். முதலில் வாங்கியவரிடமே திரும்ப விற்ற இவ்வாணிகத்தைக் குறை கூறாத வரலாற்று நூல்களும் உள. நமக்குக் கூறாதிருக்க மனம் வரவில்லை.

இவ்வளவில் நின்றதா? அதே ஊரில் 1910-இல் பிறந்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். பிறக்கும்போது அவள் பிரசிய மன்னனின் குடி. 1920-இல் அவ்வூர் நாடுகளின் கூட்டவை ஆளும் சார் நிலப்பரப்பில் அடங்கிற்று. அவள் வட்டத்தின் மற்றொரு பகுதி எல்லைக்கு அப்பால் பிரசியாவிலேயே நின்றுவிட்டது. பிரெஞ்சுப் பணமே செலாவணியாயிற்று. 1935 சனவரி 13-இல் குடியொப்பம் கேட்டனர்; நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செருமனியோடு சேர ஒப்பினர்; அவள் இட்லரின் குடியானாள். 1947 முதல் பிரெஞ்சுக் காப்பில் தனி அரசு. 1955 அக்டோபர் 23-இல் மறுபடியும் குடியொப்பம். ஐரோப்பிய மேற்பார்வையில் தனித்து நிற்கும் ஏற்பாட்டை நூற்றுக்கு அறுபத்தேழு பேருக்கு மேல் மறுத்தனர். 1957 சனவரி முதல் நாளில் மேற்குச் செருமனியின் மாநிலமாயிற்று. 1959 சூலையில்தான் செருமானியப் பணம் வந்தது. ஐம்பது அகவைக்குள் அவள் எத்தனை ஆட்சி கண்டாள், எத்தனை பணத்தை எண்ணினாள்! வீடு மாறவில்லை, தெரு மாறவில்லை.

1935-ஆம் ஆண்டின் ஒப்பத்தைக் காட்டி, கேட்டால் மட்டும் என்ன நன்மை விளைந்தது, கொடுங்கோலனிடமன்றோ போய்ச் சேர்ந்தனர் என்று சிலர் வினவக்கூடும். உண்மைதான், அந்த விடை அவர்க்கே அழிவாயிற்று. ஆயினும் இருபதாண்டு கழித்து மறுமுறை கேட்கப்பட்டபோது அதே மக்கள் பெரிய அரசுகளின் ஏற்பாட்டைத் தள்ளித் தாம் வேண்டியதைப் பெற்றனர். கேட்கப்படாத ஊருக்குப் பிழையைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் இல்லை.

மொழிப்பற்றுடையார் நோக்கத்தக்க செய்தி ஒன்று இங்குண்டு. 1876 முதல் கியார்க்கு வெங்கர் என்னும் அறிஞர், செருமனியின் ஊர்ப்பள்ளிகளுக்கு நாற்பது சிறு தொடர்களை அனுப்பி, அவற்றை உங்கள் ஊர்ப் பேச்சில் எழுதி அனுப்புக என்று ஆசிரியர்களை வேண்டினார். நாற்பதினாயிரத்திற்கு மேற்பட்ட ஊர்களிலிருந்து விடை வந்தது. அவ்விடைகளைப் படத்தில் குறித்தபோது பேச்சு வேறுபாட்டின் கோடுகள் வெளிப்பட்டன. அவை பழைய இனக்குழுக்களின் எல்லையாக இருக்கும் என்று முதலில் கருதினர். இரைன் ஆற்று நாட்டை ஆய்ந்த தியோடர் பிரிங்சும் அவர்தம் கூட்டாளிகளும் 1920-களில் வேறொன்றைக் காட்டினர்: அக்கோடுகளுட் பல, இடைக்காலத்தின் பிற்பகுதி தொட்டு நிலைத்த சிற்றாட்சிகளின் எல்லைகளோடு ஒட்டிச் செல்கின்றன. எந்த மன்றுக்கு வழக்குக் கொண்டு சென்றனரோ, எந்தச் சந்தைக்குக் கூலம் கொண்டு சென்றனரோ, எவ்வூரில் பெண் கொண்டனரோ, அங்குள்ளார் போலப் பேசினர்.

வின்சுட்டுபாக்கு என்று மற்றுமோர் ஓடை இரைனில் கலக்கின்றது. உரோமர் காலத்தில் அது மேலைச் செருமானியா, கீழைச் செருமானியா என்னும் இரு மாகாணங்களின் எல்லை. 'எல்லை' என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லே அதன் பெயரில் மறைந்து நிற்கின்றது. பிறகு அது கோலோன் பேராயருக்கும் திரியர் பேராயருக்கும் உரிய பகுதிகளைப் பிரித்தது. இன்றும் அதன் அருகாகப் பேச்சு மாறுகின்றது. சிற்றூர் என்பதைக் குறிக்கும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்: வடபால் வல்லினப் பகரத்தோடு 'தோர்ப்பு' என்பர், தென்பால் அப்பகரம் இதழுரசும் காற்றொலியாகத் திரிந்துவிடும். உரோமரும் போயினர், பேராயர் ஆட்சியும் போயிற்று. ஒரு மெய்யெழுத்தில் எல்லை நின்றுகொண்டிருக்கின்றது. ஆட்சிக் கோடு தாளில் மட்டும் இருப்பது என்று பேசுவோர் அவ்வோடைக் கரைக்கு ஒருமுறை சென்று காது கொடுத்துக் கேட்கட்டும்.

1945-க்கு மீள்வோம். பெப்ரா நகரிலிருந்து கோட்டிங்கனுக்குச் செல்லும் புகைவண்டித் தடம் அமெரிக்கருக்கு இன்றியமையாதது. அத்தடத்தின் ஒரு சிறு பகுதி சோவியத்துப் பகுதிக்குள் சென்று மீண்டது. இடையூறு நேரவே, 1945 செப்டம்பர் 17-இல் வான்பிரீடு என்னும் ஊரில் இரு படைத்தலைவர்களும் கூடி ஊர்களை மாற்றிக்கொண்டனர். எசன் நாட்டைச் சேர்ந்த அசுபாக்கு, சிக்கன்பர்க்கு முதலிய ஐந்து ஊர்கள் சோவியத்துப் பகுதிக்கு; வெர்லசவுசன், நொய்சேசன் என்னும் இரண்டு ஊர்கள் அமெரிக்கப் பகுதிக்கு. உடன்பாடு முடிந்து இரு தரப்பாரும் தத்தம் நாட்டு மதுக்குப்பிகளைக் கைமாற்றிக்கொண்டதாகக் கூறுவர். அவ்வெல்லைக்கு அம்மதுக்களின் பெயரே வழங்கிற்று. அசுபாக்கு ஊரார் நாற்பத்து நாலாண்டு முள்வேலிக்குள் வாழ்ந்ததற்குக் குற்றம் என்ன? புகைவண்டித் தடத்தின் ஒரு வளைவு. இன்றும் அந்த ஐந்து ஊர்கள் துரிங்கியாவிலும், இரண்டு ஊர்கள் எசனிலுமே உள்ளன.

இவற்றுக்கு மாறாக ஒரு காட்சி. முடியாட்சி ஒழிந்தபின் கோபர்க்கு நாட்டார் எம்மாநிலத்தோடு சேர்வது என்ற வினா எழுந்தது. உறவு முறையாலும் கோமரபு முறையாலும் அவர்கள் துரிங்கியச் சிற்றரசுகளைச் சேர்ந்தவர்கள். ஆனால் 1919 நவம்பர் 30-இல் மக்களையே கேட்டனர். ஆடவரும் பெண்டிரும் ஒப்போலை இட்டனர். நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பேர் துரிங்கியாவோடு சேர மறுத்தனர். 1920 சூலை முதல் நாளில் கோபர்க்கு பவேரியாவோடு சேர்ந்தது. அன்று அவர்கள் எண்ணியது உணவு வழங்கலையும் ஊர் நிறுவனங்களையும் பற்றியே. பின் வரவிருந்ததை எவர் அறிவார்? இருபத்தைந்தாண்டு கழித்து அவர்கள் அமெரிக்கப் பகுதியில் இருந்தனர். அருகிலேயே இருந்து பொம்மைத் தொழிலால் கோபர்க்கின் நொய்சுட்டாட்டு நகரோடு பிணைந்திருந்த சோன்னபர்க்கு, மைனிங்கன் நாட்டைச் சேர்ந்ததாகையால் துரிங்கியாவுக்குப் போயிற்று. ஆகவே முள்வேலிக்கு அப்பால் விழுந்தது.

அப்பக்கத்து நிலத்தை இன்னும் சற்று நோக்குவோம். அங்கே 1978-ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. எல்லையின் கிழக்கே பில்முட்டவுசன் என்றொரு சிற்றூர். எல்லையை மிக ஒட்டியிருந்தமையால் காவலுக்கு இடைஞ்சல் என்று அரசு அதனைச் சிறிது சிறிதாகக் காலிசெய்தது. முன்பே கோயிலை இடித்தனர். 1978-இல் கடைசிக் குடும்பமும் வெளியேற்றப்பட, ஊர் தரைமட்டமாயிற்று. இடுகாடு மட்டும் எஞ்சியது.

எல்லையின் மேற்கே, ஒரு நாள் நடைக்குள், எர்மர்சவுசன் என்னும் பவேரியச் சிற்றூர். மேற்குச் செருமனியில் அக்காலம் ஊராட்சிகளைப் பெரிதாக்கும் திட்டம் நடந்துகொண்டிருந்தது. 1968-இல் ஏறத்தாழ இருபத்து நாலாயிரமாக இருந்த ஊராட்சிகள் பத்தாண்டில் எண்ணாயிரத்து ஐந்நூறு அளவுக்குக் குறைந்தன. செலவு குறையும், அலுவல் சீராகும் என்றனர். எர்மர்சவுசனை அண்டைப் பேரூரோடு சேர்க்க ஆணை வந்தது. ஊரார் உடன்படவில்லை. ஊர்மன்றக் கட்டடத்தை அடைத்துக்கொண்டு காவலிருந்தனர். 1978 மே 19 விடியற்காலையில் நூற்றுக்கணக்கான காவலர் புகுந்து, கதவை உடைத்து, ஊர்ப் பதிவேடுகளை எடுத்துச் சென்றனர்.

இரண்டையும் ஒன்றென்று நாம் கூறவில்லை. ஒன்றில் ஊரே அழிந்தது. மற்றொன்றில் ஏடுகள் போயின, ஊர் இருந்தது, ஊரார் வாயும் இருந்தது. அவ்வாயால் அவர்கள் பதினைந்தாண்டு விடாது முறையிட்டு, 1994 சனவரி முதல் நாளில் தம் தனி ஊராட்சியைத் திரும்பப் பெற்றனர். பில்முட்டவுசன் முறையிட முடியாது. ஆனால் இரண்டு ஆட்சியும் தம் ஆணையைத் தொடங்கிய இடம் ஒன்றே: மேசைமேல் ஒரு படம், அதன்மேல் ஒரு கோல், ஊராரின் ஒப்பம் வேண்டியதில்லை என்னும் உறுதி. குடியாட்சி என்று பெயர் சூட்டிக்கொண்ட அரசு அவ்விடத்திலிருந்து தொடங்கியது என்பதே நம்மை மிகவும் உறுத்துகின்றது. வேலி கட்டியவனிடம் நாம் வேறொன்றை எதிர்பார்க்கவில்லை.

எல்பை ஆற்றின் கரையில் இரூட்டர்பர்க்கு என்னும் ஊர், கிழக்குச் செருமனியிலேயே வேலிக்குள் வேலியாகக் கிடந்தது. ஆற்றுப்பக்கம் நாட்டெல்லை வேலி. 1967-இல் ஊரின் பின்புறத்திலும் மற்றொரு வேலி இட்டனர். ஊருக்குள் செல்ல ஒரே வாயில். இரவு பதினொரு மணிக்கு அடைத்து விடியற்காலை ஐந்து மணிக்குத் திறப்பர். நூற்றைம்பது பேர் அளவிலான ஊர். 1989 நவம்பர் 8-ஆம் நாள் ஊர்க்கூட்டம் கூடிற்று. அவ்வூர்த் தையற்காரர் ஒருவர் எழுந்து, பழைய சுவிசுச் சிற்றூர்களின் தன்னாட்சி முறையை நினைவூட்டி, இனி நம் ஊர் ஓர் ஊர்க்குடியரசு என்று அறிவிக்க வேண்டினார். ஊரார் கைதூக்கினர். மறுநாள் இரவு பெர்லின் சுவர் திறந்தது. ஒரு நாள் முந்தியே, துமுக்கியும் துணையுமின்றி, நூற்றைம்பது பேர் தம் இறையாண்மையைத் தாமே அறிவித்துக்கொண்டனர் என்பதை எண்ணும்போது நெஞ்சு விம்முகின்றது. பின்னர் 'ஊர்க்குடியரசு' என்னும் பட்டத்தை ஊர்ப்பெயர்ப் பலகையில் எழுதவும் இசைவு பெற்றனர். இன்று அவ்வூர் தோமிட்சு என்னும் நகராட்சியில் அடங்கிவிட்டது.

அதே எல்பையின் கீழ்க்கரையில் நொய்யவுசு வட்டாரம். பழைய அனோவர் நாட்டின் ஊர்கள் சில ஆற்றைத் தாண்டிக் கிழக்கே இருந்தன. 1945-இல் அவை பிரித்தானியர்க்கு உரியனவாதல் வேண்டும். ஆனால் ஆற்றைக் கடக்கப் பாலம் இல்லை என்று அவர்கள் அவற்றைச் சோவியத்துக்காரரிடம் ஒப்படைத்துவிட்டனர். ஒரு பாலமில்லாமையால் நாற்பத்து நாலாண்டு! சுவர் விழுந்தபின் அவ்வூரார் பழைய நாட்டோடு சேரவேண்டும் என்று கேட்டு நின்றனர். மெக்லன்பர்க்கும் கீழ்ச்சாக்சனியும் உடன்படிக்கை செய்துகொண்டு, 1993 சூன் 30-இல் அவ்வட்டாரத்தை மாற்றித் தந்தன. போரில்லை, விலையில்லை, உயிர்க்கணக்கில்லை. ஊர் கேட்டது, இரண்டு மாநிலங்கள் கையொப்பமிட்டன. இவ்வளவு எளிய செயல் இவ்வளவு நெடிய வரலாற்றில் இவ்வளவு அரிதாக இருப்பது ஏன்?

மோடுலராய்ட்டையும் ஒரே மாநிலத்தில் சேர்த்துவிடலாமே என்று வெளியூரார் பலர் இன்றும் கேட்கின்றனர். ஊரார் அதற்கு விரைந்ததாகத் தெரியவில்லை. வேலி இல்லாதபோது கோடு இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டனர் போலும். சேர்வதும் சேராமையும் அந்த ஐம்பது பேரின் உரிமை. அவர்க்கு அறிவுரை கூற நமக்கும் உரிமையில்லை. சுவரின் எச்சத்தைப் பார்க்க வெளிநாட்டார் பேருந்தில் வந்து இறங்குகின்றனர். அவர்களுட் சிலர் ஓடைக்கரைப் புல்லில் குனிந்து பார்த்தால், பவேரிய அரசுக்கும் இராய்சுக் கோமகனுக்கும் உரிய எழுத்துகளோடு 1810-இல் எல்லை குறித்த பழங்கற்கள் அங்கே நிற்பதைக் காணலாம்.